இட்லிப்பூ செடி மஞ்சளாகுது, பூக்கல, மொட்டு கொட்டுது: எந்த அறிகுறிக்கு என்ன பண்ணணும்

இட்லிப்பூ, விருச்சிப்பூ, வெட்சி, எக்சோரா, நீங்க எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் செடி ஒண்ணுதாங்க. தென்னிந்தியாவும் இலங்கையும் இதோட சொந்த ஊரு, அந்தக் காலத்துல ஆநிரை கவரப் போற வீரங்க சூடிட்டுப் போனதா சொல்ற வெட்சிப்பூவும் இதுதான். சின்ன வயசுல பூவைப் பிச்சு, நடுவுல இருக்க நரம்பை மெல்ல உருவி, நுனியில நிக்கற அந்தத் துளித் தேனை நாக்குல வெச்சவங்க எத்தனையோ பேரு இருப்பீங்க. அப்படிப்பட்ட நம்மூர் செடி நம்ம வீட்டுத் தொட்டில மட்டும் ஏன் நோஞ்சானா நிக்குதுன்னு நான் ரெண்டு வருஷம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன், அதுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க அறிகுறி வாரியா எழுதறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்ல மனசுல வெச்சுக்கங்க. இந்தச் செடி காப்பிச் செடி, நுணா இருக்கற அதே குடும்பம். புளிப்புத் தன்மையுள்ள மண்ணு, மழைத்தண்ணி, நல்ல வெயில், வேர்ல தண்ணி தேங்காத இடம், இவ்வளவுதான் கேக்குது. மண்ணோட பிஹெச் (புளிப்பா காரமான்னு காட்டற அளவு, 7-க்குக் கீழ புளிப்பு, மேல காரம்) 5-லேர்ந்து 6 வரைக்கும் இருந்தா குஷியா இருக்கும். நாம ஊத்தறதோ நூத்துக்கணக்கான அடி ஆழத்துல இருந்து வர்ற போர் தண்ணி. பாதிக்கு மேல பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

கடைக்குப் போயி எதாவது வாங்கறதுக்கு முன்னாடி செடி பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கெட்டுப் போறது புது இலையா, பழைய இலையா? கிளை நுனில இருக்கறது புதுசு, அடியில தண்டு பக்கம் இருக்கறது பழசு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமதான் நிறைய பேரு உரத்தை மாத்தி மாத்திக் கொட்டி செடியக் கொல்றாங்க.

புது இலை மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு

இதுதான் இட்லிப்பூவுக்கு வர்ற நம்பர் ஒன் வியாதி. இரும்புச் சத்து பத்தல. முதல்ல துளிர் இலை வெளிறும், அப்புறம் நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்ட மாதிரி தெரியும், மிச்ச இடமெல்லாம் மஞ்சள். இன்னும் முத்திப் போச்சுன்னா நரம்பும் வெளுத்து இலை ஏறக்குறைய வெள்ளையாயி ஓரம் கருகும். அடி இலை மட்டும் அப்ப கூட பச்சையாவே நிக்கும், அதை வெச்சுத்தான் இது இரும்புக் கோளாறுன்னு உறுதி பண்ணிக்கறது.

நான் கோயமுத்தூர்ல இருக்கறேன், மொட்டை மாடில 12 இஞ்ச் தொட்டில நாலு செடி வெச்சிருந்தேன். நாலும் இப்படி ஆயிருச்சு. பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவங்க பாத்துட்டு "என்ன கண்ணு, செடி காமாலை வந்தாப்புல இருக்குது, எங்கூட்டுல பாரு, அதே செடிதான்"னு கூட்டிட்டுப் போயி காமிச்சாங்க. ரெண்டு பேரும் ஒரே நர்சரில ஒரே நாள்ல வாங்கினதுங்க. அவங்க செடி இலை எண்ணெய் தடவின மாதிரி மின்னுது, தலை தலையா பூ. நான் எருவு போட்டேன், மண்புழு உரம் போட்டேன், முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போட்டேன், அடுப்புச் சாம்பல் கூட போட்டேன், அவங்க ஒண்ணுமே போடல. என்னதான் வித்தியாசம்னு கேட்டுக் கேட்டுப் பாத்தா, அவங்க சிறுவாணித் தண்ணி, அதாவது குழாய்ல வர்ற குடிதண்ணி, பிடிச்சு பாத்திரம் கழுவாம மிச்சம் வர்றதைச் செடிக்கு ஊத்தறாங்க, நான் போர்ல வர்ற உப்புத் தண்ணி பைப்புல ஹோஸ் மாட்டி அடிக்கறேன். அவ்வளவேதான்.

போர் தண்ணில சுண்ணாம்புச் சத்து, பைகார்பனேட் எல்லாம் இருக்கும். பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுதில்லீங்களா, ஷவர் ஓட்டை அடைக்குதில்லீங்களா, அதேதான் தொட்டி மண்ணுலயும் தினம் தினம் படியுது. மண்ணோட பிஹெச் மெல்ல மெல்ல ஏறி 7.5, 8-னு போயிரும். அங்க போனதும் மண்ணுல இருக்கற இரும்பு பூட்டு போட்ட மாதிரி ஆயிரும், வேரால எடுக்க முடியாது. செம்மண்ணு செவப்பா இருக்கறதே இரும்பாலதாங்க, அதனால மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, கண்ணுக்கு முன்னாடி குவிஞ்சு கெடக்குது, செடிக்குத்தான் கிடைக்கல. துருப்பிடிச்ச ஆணிய மண்ணுல சொருகி வெச்சா சரியாப் போகும்னு சொல்றாங்களே, அது வேலைக்காகாததுக்கும் இதுதான் காரணம், துருவும் அதே பூட்டுக்குள்ள போயிரும்.

இதுல நான் பண்ணின முட்டை ஓடும் சாம்பலும் எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தின கதை. முட்டை ஓடு முழுக்க சுண்ணாம்பு, சாம்பல் நல்ல காரம். தக்காளிக்கும் ரோஜாவுக்கும் போட்டுக்கங்க, இட்லிப்பூ தொட்டிப் பக்கம் கொண்டு வராதீங்க. எலும்புத்தூளும் வேண்டாம், அதுவும் சுண்ணாம்புதான், அதோட பிஹெச் ஏறின மண்ணுல அது கரையவும் செய்யாது.

உங்க வீட்லயும் தண்ணிதான் காரணமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? தொட்டி விளிம்புலயும் மண்ணு மேலயும் வெள்ளைப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. அதைக் கொஞ்சம் சுரண்டி ஒரு ஸ்பூன்ல வெச்சு மேல வினிகர் நாலு சொட்டு விடுங்க, நொரை நொரையா பொங்குச்சுன்னா சுண்ணாம்பு. இன்னொரு நல்ல அடையாளம், ஐப்பசி கார்த்திகை மழையில நனைஞ்சு அடுத்து வர்ற துளிர் பச்சையா வந்து, மறுபடி மாசி பங்குனில மஞ்சளாச்சுன்னா சந்தேகமே வேண்டாம். மண் பரிசோதனை நிலையத்துல தண்ணியவும் டெஸ்ட் பண்ணித் தருவாங்க, தோட்டம் பெருசா வெச்சிருக்கவங்க ஒரு தடவை குடுத்துப் பாத்துருங்க.

இப்ப வைத்தியம். உடனடி வைத்தியம், நிரந்தர வைத்தியம்னு ரெண்டையும் சேத்துத்தான் பண்ணணும், ஒண்ண மட்டும் பண்ணினா திரும்ப வந்துரும்.

உடனடிக்கு இலை வழி ஸ்ப்ரே. உரக்கடையில அன்னபேதி உப்புன்னு கேளுங்க, பெரஸ் சல்பேட்தான் அது. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), மளிகைக் கடையில கிடைக்கும். எலுமிச்சை உப்பை முதல்ல கரைச்சுட்டு அப்புறம் அன்னபேதியப் போடுங்க. கரைசல் லேசான பச்சையா தெளிவா இருக்கணும், நேரமாக ஆக டீ கலருக்கு மாறிரும், மாறிட்டா அதுல பலன் இல்ல, அதனால அப்பப்ப கலக்கி அப்பவே அடிச்சுருங்க. பொழுதோட வெயில் இறங்கின அப்புறம் இலையோட மேல் கீழ் ரெண்டு பக்கமும் நனையற மாதிரி. பூத்திருந்தா பூ மேல படாம பாத்துக்கங்க. 10 நாளைக்கு ஒரு தடவை, மூணு தடவை போதும். கீழ டைல்ஸ் இருந்தா பழைய சாக்கு விரிச்சுட்டு அடிங்க, இந்தக் கறை டைல்ஸ்ல புடிச்சா போகவே போகாது, எங்க மாடில இன்னும் இருக்கு.

வேருக்கு இரும்பு குடுக்கணும்னா செலேட்டட் அயர்ன் இருக்கு, மண்ணுல பூட்டிக்காம இருக்க வேற பொருளோட பிணைச்சு வெச்ச இரும்பு அது, ஆனா அதுலயே ரெண்டு வகை, கடைக்காரங்க பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க. ஈ.டி.டி.ஏ-ன்னு போட்டிருக்கறது மஞ்சள் பொடி, விலை கம்மி, ஆனா மண்ணு பிஹெச் 6.5 தாண்டினா அது நிக்காது, ஸ்ப்ரேக்கு வேணா வெச்சுக்கலாம். ஈ.டி.டி.ஹெச்.ஏ-ன்னு போட்டிருக்கறது கருஞ்செவப்புக் குருணை, தண்ணில போட்டா பீட்ரூட் சாறு மாதிரி கலர் இறங்கும், சுண்ணாம்பு மண்ணுலயும் வேலை செய்யறது இதுதான். 12 இஞ்ச் தொட்டிக்கு கால் டீஸ்பூன், ஒரு லிட்டர் தண்ணில கரைச்சு, மண்ணு ஏற்கனவே ஈரமா இருக்கும்போது ஊத்துங்க. விலை கூடத்தான், ஆனா 100 கிராம் வாங்கினா நாலஞ்சு தொட்டிக்கு வருஷக்கணக்குல வரும்.

நிரந்தர வைத்தியம் தண்ணிய மாத்தறது. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சா அதுக்கு மேல ஒண்ணுமில்ல. ஏசில இருந்து சொட்டற தண்ணில உப்பு கிடையாது, அதைப் பக்கெட்ல பிடிங்க. ஆர்ஓ மெஷின் வெளிய தள்ளற கழிவுத் தண்ணிய மட்டும் கண்டிப்பா ஊத்தாதீங்க, வீணாப் போகுதேன்னு நிறைய வீட்ல அதைத்தான் செடிக்கு விடறாங்க, அதுல உப்பெல்லாம் இன்னும் கெட்டியா சேந்திருக்கும். போர் தண்ணிய விட்டா வழியே இல்லைன்னா 10 லிட்டர் பக்கெட்டுக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பு கரைச்சு வாரம் ஒரு தடவை ஊத்துங்க. நனையும் கந்தகம் (வெட்டபிள் சல்ஃபர்) ஒரு டீஸ்பூன் மண்ணு மேல தூவி மேல்மண்ணோட கிளறி விடுங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா. கந்தகத்தை மண்ணுல இருக்கற நுண்ணுயிருங்கதான் அமிலமா மாத்தணும், அதனால வாரத்துல பலன் எதிர்பாக்காதீங்க, மாசக்கணக்கு ஆகும். புளிச்ச மோரைத் தண்ணி கலந்து மாசம் ரெண்டு தடவை ஊத்தறது நல்ல பழக்கம்தான், ஆனா அது மட்டுமே இந்த வியாதியத் தீக்கும்னு நம்பாதீங்க.

ஏற்கனவே மஞ்சளான இலை முழுசா பச்சையாகுறது அபூர்வம். மூணு நாலு வாரம் கழிச்சு வர்ற துளிர் என்ன கலர்ல வருதுன்னு பாருங்க, அதுதான் ரிசல்ட்டு.

காம்பவுண்ட் சுவரோரம் வேலி மாதிரி வரிசையா வெச்சிருக்கீங்க, வரிசைல சில செடி மட்டும் மஞ்சளா இருக்குன்னா அந்த இடத்துல தோண்டிப் பாருங்க. வீடு கட்டும்போது கொட்டின சிமெண்ட் கலவையோ சுண்ணாம்புக் காரையோ உள்ள இருக்கும். சுவர்ல இருந்து ரெண்டடியாவது தள்ளி, கலவை எல்லாத்தையும் அள்ளிட்டு, செம்மண்ணும் மக்கின இலையும் போட்டு மறுபடி வைங்க.

அடி இலை மஞ்சளாகுது

எப்பவாவது ரெண்டு மூணு இலை மஞ்சளாகி விழுந்தா விட்டுருங்க, வயசான இலை விழத்தான் செய்யும். அடி இலை மொத்தமா ஒரே மாதிரி வெளுத்து, செடியும் வளராம நின்னா தழைச்சத்து (நைட்ரஜன்) பத்தல. யூரியாவ விட அம்மோனியம் சல்பேட் நல்லது, மண்ணையும் கொஞ்சம் புளிப்பாக்கும், தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் ஓரமா தூவி தண்ணி விடுங்க, மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல வேண்டாம். அடி இலைல நரம்புக்கு நடுவுல மட்டும் மஞ்சளா இருந்தா மெக்னீசியம், எப்சம் சால்ட் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் போட்டு இலை மேல அடிங்க. புது இலை மஞ்சளுக்கு எப்சம் சால்ட் போடறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, இதைச் சொல்றதுக்குக் காரணம், எந்த மஞ்சளுக்கும் எப்சம்னு ஒரு பேச்சு ஓடிட்டு இருக்கு.

அடி இலைல செவப்பு, ஊதா புள்ளியா வருது

இதைப் பாத்ததும் எல்லாரும் பூஞ்சை நோய்னு மருந்து அடிக்கறாங்க. இட்லிப்பூல பழைய இலைங்கள்ல மட்டும் செம்பழுப்பா, ஊதாவா புள்ளியும் திட்டும் வந்தா பெரும்பாலும் அது சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைஞ்சதாலதான். அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல இந்தச் செடிய வேலியா எங்க பாத்தாலும் வெச்சிருப்பாங்க, அங்க மணல் சுண்ணாம்பு மண்ணு, அங்கயும் இதே தொல்லைதான். பூஞ்சையா இருந்தா புது இலை பழைய இலைன்னு பாக்காம வரும், புள்ளிய சுத்தி மஞ்சள் வளையம் இருக்கும், மழைக்காலத்துல வேகமாப் பரவும்.

சத்துக் குறைவுன்னா தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சம அளவுல இருக்கற 19:19:19 உரம் ஒரு லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு 15 நாளைக்கு ஒரு தடவை வேர்ல ஊத்துங்க, கூடவே பொட்டாசியம் சல்பேட் அதே அளவு மாசம் ஒரு தடவை. மணிச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டுராதீங்க, அது கூடிப்போனா மறுபடி இரும்பு கிடைக்காம துளிர் மஞ்சளாகும்.

இலை நல்லா பச்சையா இருக்கு, பூ மட்டும் வரல

முதல்ல வெயில். நேரடி வெயில் ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரம் வேணும். பால்கனில நிழல்ல வெச்சா இலை நல்லா கரும்பச்சையா, பெருசா வளரும், கணு கணுவா நீண்டுட்டே போகும், பூக்காது. தெக்கயோ மேக்கயோ பாத்த மாதிரி மாத்துங்க. ஒரே நாள்ல நிழல்ல இருந்து சித்திரை வெயிலுக்குத் தூக்கி வெச்சா இலை வெந்து போயிரும், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க.

ரெண்டாவது கத்திரி. இது நிறைய பேருக்குத் தெரியல, தெரிஞ்சா அவ்வளவு நிம்மதியா இருக்கும். இட்லிப்பூ கிளையோட நுனிலதான் பூக்கும், பக்கவாட்டுல கணுவுல பூக்கறதில்ல. நுனியில ரெண்டு சின்ன இலைக்கு நடுவுல பாத்தீங்கன்னா முதல்ல கடுகு மாதிரி ஒரு கொத்து தெரியும், அது குச்சி குச்சியா நீண்டு, ஒவ்வொண்ணும் ஊசி மாதிரி ஒல்லியா மொட்டாகி, கடைசில நாலு இதழா விரியும். வேலி அழகா கட்டம் கட்டினாப்புல இருக்கணும்னு மாசா மாசம் மேல சீவி விட்டா அந்தக் கடுகுக் கொத்தைத்தான் சீவறீங்க. எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல இருந்த வேலி இப்படித்தான் மூணு வருஷம் வெறும் பச்சைச் சுவரா நின்னுச்சு, தோட்டம் பாக்கறவர்கிட்ட "அண்ணா, ஒரு நாலு மாசம் கத்திரி வைக்காம விடுங்க"ன்னு கேட்டுக்கிட்டேன், அவரும் விட்டாரு, ஆடி மழை பேஞ்சு ஆவணில வாசலே செவப்பாயிருச்சு, தேன்சிட்டு வந்து தொங்கித் தொங்கிக் குடிக்குது.

அதுக்காக வெட்டவே கூடாதுன்னு இல்ல. பூக்கொத்து காஞ்சதும் அதுக்குக் கீழ ரெண்டு கணு விட்டு வெட்டுங்க. வெட்டின இடத்துல ரெண்டு கிளை வரும், ரெண்டு நுனி, ரெண்டு பூக்கொத்து. அது பூக்க ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுவரைக்கும் கை வைக்காதீங்க.

மூணாவது தழைச்சத்து கூடிப் போறது. மாட்டுச்சாணம், கடலைப் புண்ணாக்குக் கரைசல்னு வாரா வாரம் ஊத்தினா செடி இலையாவே போட்டுட்டு இருக்கும். ரெண்டு மாசம் அதையெல்லாம் நிறுத்திட்டு தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் சேத்துப் புளிக்க வெச்சது) அடிச்சுப் பாருங்க, லிட்டருக்கு 50 மில்லி, எனக்கு நல்லா கேட்டுச்சு.

வெட்டிவெச்ச குச்சில இருந்து வந்த செடின்னா முதல் வருஷம் பூ கம்மியாத்தான் இருக்கும். பெரிய இலையோட உயரமா வளர்ற நாட்டுச் செவப்பு பொறுமையா பூக்கும், ஆனா எந்தக் கஷ்டத்தையும் தாங்கும். சின்ன இலையோட குட்டையா வர்ற மினி வகைங்க சீக்கிரம் பூக்கும், அதுங்கதான் மஞ்சள் வியாதிக்கும் சீக்கிரம் ஆளாகும். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் நாட்டுச் செடியத்தான் சொல்லுவேன்.

மொட்டு வருது, விரியாம கொட்டுது

பெரும்பாலும் தண்ணிதான். ஒரு நாள் காய விட்டு அடுத்த நாள் வெள்ளமா ஊத்தினா மொட்டைக் கழட்டி விட்டுரும். மொட்டு இருக்கற சமயத்துல தொட்டிய இடம் மாத்தறதும் வேண்டாம். தண்ணி சரியா இருந்தும் மொட்டு பழுப்பாகி வளைஞ்சு உதிர்ந்தா ஒரு கொத்தை வெள்ளைப் பேப்பர் மேல தட்டிப் பாருங்க, நூல் துண்டு மாதிரி பொடிப் பூச்சி ஓடினா இலைப்பேன். கீழ சொல்ற வேப்பெண்ணெய் அதுக்கும் கேக்கும்.

இலை பிசுபிசுங்குது, மேல கரி பூசின மாதிரி இருக்கு, எறும்பு ஓடுது

மூணும் ஒரே கதை. இலைக்கு அடியிலயும் குச்சிலயும் செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ அசுவிணியோ உக்காந்து சாறு உறிஞ்சுது, இனிப்பா கழிவு விடுது, அந்த இனிப்பு மேல கரும்பூஞ்சை வளருது, அதே இனிப்புக்காக எறும்பு வந்து பூச்சிக்குக் காவல் நிக்குது. செதில் பூச்சி அசையாம, பழுப்பா, குச்சில ஒட்டின மரு மாதிரி இருக்கறதால பூச்சின்னே தெரியாது, நகத்தால சுரண்டினா வந்துரும்.

கரும்பூஞ்சைக்கு மருந்து அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, பூச்சி போனா அது தானா காஞ்சு உரிஞ்சுரும். பழைய டூத் பிரஷ்ஷை சோப்புத் தண்ணில முக்கி குச்சியத் தேய்ங்க, அப்புறம் ஹோஸ்ல வேகமா இலை அடியில பீச்சி அடிங்க. பாதிப் பூச்சி இதுலயே போயிரும். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில காதி சோப் கரைச்சு, 5 மில்லி வேப்பெண்ணெய் ஊத்தி, எண்ணெய் மிதக்காம பால் மாதிரி கலங்கற வரைக்கும் குலுக்கி பொழுதோட அடிங்க. வாரம் ஒரு தடவை, விடாம மூணு வாரம். ஒரு தடவை அடிச்சுட்டு வேலைக்காகலன்னு விட்டுராதீங்க, முட்டைல இருந்து அடுத்த செட்டு வரும். எறும்பை நிறுத்தலைன்னா பூச்சியத் திரும்ப கொண்டு வந்து விட்டுரும், தொட்டிய ஸ்டாண்டு மேல வெச்சு ஸ்டாண்டு காலைத் தண்ணிக் கிண்ணத்துல விடுங்க.

இலைங்களச் சேத்து ஒட்டிக் கூடு கட்டற செவப்பு எறும்பு, முசுறுன்னு சொல்லுவாங்க, அது வேற. மத்த புழுவைப் புடிச்சுத் திங்கும், பூச்சி தொல்லை இல்லைன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். பூப் பறிக்கும்போது மட்டும் கை பத்திரம்.

இலை ஓரம், நுனி கருகுது

சித்திரை வைகாசில அக்னி நட்சத்திர வெயில்ல, மேல் பக்க இலை மட்டும் கருகினா வெயில்தான், மதியத்துக்கு மட்டும் பச்சை வலை போடுங்க, வெடியால நிறையத் தண்ணி விடுங்க. எல்லாக் காலத்துலயும் அடி இலை நுனில இருந்து கருகிட்டு வந்தா உப்பு சேந்திருக்கு. நல்ல தண்ணி கிடைக்கற அன்னைக்கு தொட்டி அடி ஓட்டைல இருந்து தாராளமா வெளிய ஓடற அளவுக்கு மெதுவா ஊத்திக் கழுவி விடுங்க, அந்தத் தண்ணி தட்டுல தேங்காம கொட்டிருங்க. கழுவாத கோகோபீட்லயும் (தென்னை நார்க்கழிவு) உப்பு இருக்கும், புது கட்டி வாங்கினா ரெண்டு மூணு தடவை ஊற வெச்சுப் பிழிஞ்சுட்டு பயன்படுத்துங்க.

திடீர்னு மொத்தச் செடியும் வாடிருச்சு

உடனே தண்ணி ஊத்தாதீங்க. விரலை ரெண்டு இஞ்ச் உள்ள விட்டுப் பாருங்க.

காஞ்சிருந்தா தண்ணி விட்டா பொழுதுக்குள்ள நிமிந்துரும். ஈரமா இருக்கும்போதே வாடி நிக்குதுன்னா வேர் அழுகுது. தொட்டி ஓட்டை அடைச்சிருக்கும், கம்பி விட்டுக் குத்திப் பாருங்க. செடிய வெளிய எடுங்க, நல்ல வேர் வெளிறி உறுதியா இருக்கும், அழுகினது கருப்பா, புடிச்சு இழுத்தா தோல் மட்டும் கையோட வரும், நாத்தம் அடிக்கும். அதையெல்லாம் வெட்டிட்டு, மேலயும் மூணுல ஒரு பங்கு கவாத்து பண்ணிட்டு, செம்மண்ணு, மக்கின தொழுஉரம், கழுவின கோகோபீட்டு, கொஞ்சம் ஆத்து மணல் சேத்துப் புதுக் கலவைல வைங்க. டிரைக்கோடெர்மா விரிடி, வேர் அழுகலைத் தடுக்கற நல்ல பூஞ்சைப் பொடி, ஒரு கைப்பிடி கலந்து விட்டா நல்லது. இலை பாதிக்கு மேல கொட்டியிருந்தா பிழைக்கறது கஷ்டம்தான், நல்லா இருக்கற குச்சிய அப்பவே வெட்டிப் பதியம் போட்டுருங்க.

வேரை எடுத்துப் பாக்கும்போது முடிச்சு முடிச்சா, பாசிமணி கோத்த மாதிரி இருந்தா நூற்புழு. அந்த மண்ணைத் திரும்ப பயன்படுத்தாதீங்க. தரைல இருக்கற செடின்னா வேப்பம் புண்ணாக்கு போட்டுக் கிளறி, சுத்தி செண்டுமல்லி நட்டு விடுங்க.

வாங்கிட்டு வந்த ஒரு மாசத்துல இலை எல்லாம் கொட்டுது

நர்சரிச் செடிங்க நிறைய ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கத்துல கடியம்ங்கற ஊர்ல இருந்து லாரி லாரியா வருது. தூக்கிட்டு வரும்போது உடையக் கூடாதுன்னு வேரைச் சுத்தி களிமண்ணை உருண்டையா அழுத்திக் கட்டியிருப்பாங்க. அதை அப்படியே நம்ம பொலபொல மண்ணுல வெச்சா தண்ணி உருண்டையச் சுத்தி ஓடி அடி ஓட்டை வழியாப் போயிரும், உள்ள காஞ்சு கல்லாட்டம் கெடக்கும். மேல்மண்ணு ஈரமா தெரியும், ஓட்டைல தண்ணியும் வரும், செடி மட்டும் தாகத்துல சாகும். எனக்கு ஒரு மஞ்சள் செடி இப்படித்தான் போச்சு, எடுத்துப் பாத்தப்ப வெளி மண்ணு சொதசொதங்குது, நடு உருண்டைல ஆணி கூட இறங்கல.

வாங்கிட்டு வந்ததும் ஒரு வாரம் அரை நிழல்ல அதே கவர்ல விடுங்க. மாத்தற அன்னைக்கு கவரைக் கிழிச்சுட்டு உருண்டைய பக்கெட் தண்ணில அரை மணி நேரம் ஊற வெச்சா களிமண்ணு கரைய ஆரம்பிக்கும், வேர் அறுகாம விரலால வெளி மண்ணைப் பாதிக்கு உதிர்த்து விடுங்க. முழுசா கழுவ வேண்டாம், சின்ன வேரெல்லாம் போயிரும். இருக்கற பூவையும் மொட்டையும் கிள்ளிருங்க, மனசு வராதுதான், ஆனா வேர் பிடிக்கற வரைக்கும் அதுக்குச் சாப்பாடு போட செடியால முடியாது. உரம் ஒரு மாசத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அடி மொட்டையா, மேல மட்டும் இலையா இருக்கு

பழைய செடி இப்படித்தான் ஆகும். மழை ஆரம்பிக்கற சமயம் பாத்து, கிளைங்கள்ல மூணுல ஒண்ணை மட்டும் தரைல இருந்து ஒன்றரை அடில வெட்டுங்க, அது துளிர்த்து வந்ததும் அடுத்தது. மொத்தமா ஒரே நாள்ல மொட்டை அடிச்சா நல்ல வேர் இருக்கற செடி தாங்கும், ஏற்கனவே மஞ்சளா இருக்கற செடி தாங்காது. முதல்ல மஞ்சளைச் சரி பண்ணிட்டு அப்புறம் கத்திரிய எடுங்க.

வெட்டின குச்சிய வீசாதீங்க. பென்சில் தடிமன்ல, மூணு கணு இருக்கற மாதிரி, ரொம்ப இளசும் இல்லாம ரொம்ப முத்தலும் இல்லாம எடுத்து, மேல ரெண்டு இலையப் பாதியா நறுக்கி விட்டுட்டு மணலும் கோகோபீட்டும் கலந்த கப்புல சொருகி, மேல பாலிதீன் கவர் மூடி நிழல்ல வைங்க. வேர் வர ஆறு வாரமோ ரெண்டு மாசமோ ஆகும், இடையில பிடிச்சுச்சான்னு இழுத்துப் பாத்தா வந்த வேரும் போச்சு. ரெண்டு ஜோடி புது இலை நல்லா விரிஞ்ச அப்புறம் கவரை எடுத்து ஒரு வாரம் பழக்கிட்டுத் தொட்டிக்கு மாத்துங்க, முதல் நாள்ல இருந்தே நல்ல தண்ணியா ஊத்துங்க.